ஆண்டகையும் ஒப்புக்கொடுத்த பிள்ளையும்

அன்புள்ள தம்பி,

இந்தக் கடிதத்தை நீ மெதுவாகத்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். பர்மியத்தில் எழுதியிருந்தால், ஒரு கையில் போனும் மறுகையில் மொஹிங்கா நூடுல்ஸ் கிண்ணமுமாக ஒரே மூச்சில் படித்துவிட்டு, "யாபாதே ப்பா" என்று சொல்லிக் கடைக்குக் கிளம்பியிருப்பாய். தமிழ் என்றால் நீ எழுத்துக் கூட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசத்தில் உபதேசியாராக இருந்த உன் தாத்தா சொல்லிக் கொடுத்த அளவுதான் உன் தமிழ். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். அவசரமாகப் படிக்க முடியாத ஒரு கடிதம் உனக்கு இப்போது வேண்டியிருக்கிறது. வருகிற திங்கட்கிழமை நீ குருமடத்துக்குப் போகப் போகிறாய். அதற்குள் படித்து முடித்துவிடு. நேரில் பேசலாமே என்பாய். நேரில் பேசினால் நான் தமிழில் தொடங்குவேன், நீ பர்மியத்தில் பதில் சொல்வாய், உன் அம்மா இரண்டிலும் அழுவாள். புரியாத சொல் வந்தால் என்னிடம் கேள். அம்மாவிடம் கேட்காதே, இப்படி ஒன்றை எழுதுகிறேன் என்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. உன் நண்பர்களுக்குக் காட்டுவதானால் தாராளமாகக் காட்டு. அவர்களுடைய அப்பாக்களும் படிக்கட்டும்.

போன மாதம் உன் தாய்மாமன் தோமாஸ் வந்து உட்கார்ந்த சாயங்காலத்திலிருந்து தொடங்குகிறேன். நம் வார்டில் உன் வயதுப் பையன்களைப் பட்டாளத்துக்குப் பெயர் கூப்பிட ஆரம்பித்ததிலிருந்து அவர் வாரம் ஒரு யோசனையோடு வருகிறார். முதலில் தாய்லாந்து என்றார், பிறகு மலேசியா என்றார், அன்றைக்குக் குருமடம் என்றார். துறவறத்தில் இருப்பவர்களை விட்டுவிடுவார்களாம், எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்திருந்தார். "தலைக்கு வந்தது அங்கியோட போவட்டும்க்கா. குருமடத்து அதிபர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், இந்த வருஷத்துக்கு ஒரு எடம் இருக்காம்," என்றார். அதோடு நிறுத்தவில்லை. "சின்ன வயசுலயே ஆண்டகையாட்டம் ஒக்காந்திருந்த பய. இது மாதாவே காட்டுன வழி," என்று மாதாவையும் சாட்சிக்கு இழுத்தார்.

அந்த ஆண்டகைக் கதையை நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய், ஆனால் சரியாகக் கேட்டதில்லை. உனக்கு ஐந்து வயது. உறுதிப்பூசுதல் கொடுக்க மேற்றிராணியார் ஆண்டகை நம் கோயிலுக்கு வந்துபோன மறுநாள், நீ குளிக்கிற துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, செய்தித்தாளில் மடித்த தொப்பியோடு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாய். விரலில் சோடா மூடி ஒன்றைச் செருகியிருந்தாய், அதுதான் மோதிரம். வருகிறவர் போகிறவரெல்லாம் அதை முத்தி செய்ய வேண்டும். அலோன் படகுத்துறையில் சுமை தூக்கிவிட்டு வந்த பெரியப்பா கூடக் குனிந்து முத்தமிட்டார். பூனையை ஆசீர்வதித்தாய், அது ஓடிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் உனக்கு 'சின்ன ஆண்டகை' என்று பெயர். அதைத் தேவ அழைத்தல் என்று உன் மாமா இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். நான் பக்கத்திலேயே இருந்தவன், சொல்கிறேன் கேள்: மேற்றிராணியாருக்கு முதல் துண்டு கேக் வெட்டிக் கொடுத்ததை நீ பார்த்திருந்தாய். உனக்கு வேண்டியிருந்தது கேக்.

மாமா சொல்லி முடித்ததும் அம்மா உன் பக்கம் திரும்பி, "போறியா கண்ணு?" என்று கேட்டாள். நீ யாருடைய போனையோ பழுது பார்க்க முதுகைத் திறந்து வைத்துக் குனிந்திருந்தாய். தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தாய். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாத முகம் அது. "யாபாதே ம்மா," என்றாய். அவள் அழுதுகொண்டே எழுந்துபோய் மீன் பொரித்தாள். அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டாள். நான் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தேன். உன்னிடம் நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

யாபாதே என்ற அந்த ஒரு சொல்லை நான் ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவன். சுற்றுலா வழிகாட்டியாக விமான நிலையத்தில் வெள்ளைக்காரர்களை வரவேற்ற காலத்தில் முதலில் சொல்லிக் கொடுப்பதே அதைத்தான். பரவாயில்லை, ஆகட்டும், போதும், வேண்டாம், நீ காலை மிதித்ததை மன்னித்துவிட்டேன், எல்லாவற்றுக்கும் அது ஒன்று போதும் என்பேன். அவர்களும் சந்தோஷமாக நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிவார்கள். ஆனால் அந்தச் சொல்லில் 'ஆமாம், எனக்கு இது வேண்டும்' என்ற அர்த்தம் மட்டும் இல்லை என்பதை நான் அவர்களுக்குச் சொன்னதில்லை. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீதான். ஆறாம் வகுப்பில் உனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கினோம், பபேடானில் பெருமாள் கோயில் தெருவுக்குப் பக்கத்துக் கடையில். போட்டுப் பார்த்தாயா, சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். யாபாதே என்றாய். மழைக்காலம் முடிந்து ஒருநாள் உன் கால் விரல் நகம் கறுத்துப் போயிருப்பதை அம்மா பார்த்தாள். அளவு சின்னது, அதையே அத்தனை மாதமும் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாய். ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க வாங்கிட்டீங்கல்ல ப்பா," என்றாய். மற்றவர்கள் சந்தோஷத்துக்காக விரல் கறுக்கிற வரைக்கும் பேசாமல் இருக்கிற பிள்ளை நீ. அந்தக் குணத்துக்காக உன்னை எனக்கு உயிர், அதே குணத்தை நினைத்துத்தான் பயமும்.

இனி வேறு ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். பயணிகள் வராமல் போன பிறகு என் வேலை என்ன, கரன்ட் இருந்தால் விசிறிக்குக் கீழே, இல்லாவிட்டால் ஜன்னல் ஓரத்தில் புத்தகம் படிப்பதுதான். அலமாரியில் அட்டை பூஞ்சை பிடித்த ஓர் ஆங்கிலப் புத்தகம் உண்டே, அதன் அட்டைப் படத்தில் வெள்ளெலி மாதிரி முகத்தோடு ஒரு பெரிய மனிதர் சரிகை அங்கிக்கு மேல் இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு நிற்பாரே, அதுதான். அது எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று உனக்குத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன் ஒரு ஜெர்மன் அம்மாளை க்யிம்யிண்டைங் சந்தைக்குக் கூட்டிப் போயிருந்தேன், பள்ளியில் சரித்திரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு ஷின்ப்யூ ஊர்வலம் போயிற்று. குதிரைமேல் சின்னப் பையன், பட்டும் கிரீடமும் உதட்டுச் சாயமும், மேலே தங்கநிறக் குடை. நான் என் வழக்கமான பாடத்தைச் சொன்னேன்: இன்றைக்கு இளவரசன், நாளைக்குத் தலையைச் சிரைத்துத் துவராடை கொடுத்து மடத்தில் சேர்த்துவிடுவார்கள், அரண்மனையை விட்டுப் போன புத்தரைப் போல. அந்த அம்மாள் டீயை வைத்துவிட்டுச் சிரித்தார். எங்கள் ஊரில் இது தலைகீழ், அங்கே பையனின் தலையைச் சிரைத்த பிறகுதான் அவன் இளவரசன் ஆவான் என்றார். எனக்குப் புரியவில்லை. அடுத்த வருஷம் வேறொரு பயணிகள் கூட்டத்தின் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார். இத்தனை காலம் தூங்கிய புத்தகத்தை இந்த மழையில்தான் படித்தேன், அதுவும் உன் மாமா வந்துபோன பிறகு.

நம் தமிழில் மேற்றிராணியாரை ஆண்டகை என்கிறோம். ஆளுகிறவர் என்பது போலக் காதில் விழும். நம் ஆண்டகைமார் ஆளுவது கோயிலையும் பள்ளிக்கூடத்தையும்தான், அதுவும் ஜெனரேட்டருக்கு டீசல் தேடிக்கொண்டு. அந்த ஜெர்மன் அம்மாளின் நாட்டில் சில நூறு வருஷங்களுக்கு முன் ஆண்டகை நிஜமாகவே ஆண்டார். கோயிலோடு ஊரும் அவருடையது, ஆற்றில் போகிற படகுக்குச் சுங்கமும் அவருக்கு, சிறையும் சிப்பாய்களும் அவர் கையில். ஒரு பக்கம் செங்கோல், ஒரு பக்கம் மேய்ப்புக் கோல். அதனால் பெரிய வீட்டுக்காரர்கள் அந்த நாற்காலிக்குப் பிள்ளை பெற்றார்கள் என்றே சொல்லலாம். மூத்தவனுக்கு நிலம், அடுத்தவனுக்குக் குதிரைப்படை, மூன்றாமவன் கோயிலுக்கு. சொத்து பிரியக்கூடாது, அதுதான் கணக்கு. படத்தில் இருக்கிறவர் மூன்றாமவர். எட்டு வயதில் உச்சந்தலையில் வட்டமாக மழித்து, பேராலயத்தில் ஓர் இருக்கையைக் கொடுத்தார்கள். கால் தரையில் எட்டாமல் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தானாம். யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனும் அவன் பாஷையில் யாபாதே என்றுதான் சொல்லியிருப்பான், எட்டு வயதில் வேறு என்ன சொல்வது.

மீசை முளைத்துக் கொஞ்ச காலத்தில் அவரை ஆண்டகையாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இங்கேதான் எனக்கு ஆச்சரியம். ஆண்டகையானாரே தவிர அவர் குருப்பட்டம் வாங்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படியும் முடிந்திருக்கிறது. ஊரை ஆள்வார், வழக்குத் தீர்ப்பார், பாலம் கட்டுவார், ஆனால் பூசை வைக்க மாட்டார், அதற்கு ஓர் உதவி ஆயர் இருந்தார். குடியானவர் வீட்டுப் பிள்ளை, உண்மையாகவே குருத்துவத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர். அவர் பீடத்தில் பூசை வைக்க, நம் ஆண்டகை மேல்மாடத்தில் மற்ற சனங்களைப் போல முழங்காலில் இருந்து பூசை காண்பார். பட்டம் வாங்கத் தவணை முடியும்போதெல்லாம் ரோமாபுரிக்கு எழுதி இன்னும் கொஞ்சம் தவணை வாங்குவார். ஊர் சிரித்தது. நம் ஆண்டகைக்கு நாய் வளர்க்கத் தெரியும், பூசை வைக்கத் தெரியாது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அவர் ஒன்றும் கும்பிடத்தக்க அர்ச்சிஷ்டவர் இல்லை தம்பி. வேட்டைப் பைத்தியம். அவருடைய மான்கள் ஏழைகளின் பயிரைத் தின்றன, கேட்டவர்களைச் சிறையில் போட்டார். கண்ணாடி வீடு கட்டிக் குளிர்நாட்டில் ஆரஞ்சு வளர்த்தார். புத்தகம் எழுதியவருக்கு அவரைக் கண்டால் ஆகவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத ஆள், இரண்டும் கெட்டான், சேற்றில் ஒரு கால் ஆற்றில் ஒரு கால் என்கிற மாதிரியே பக்கத்துக்குப் பக்கம் திட்டுகிறார்.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு யோசிக்க யோசிக்க வேறாகத் தெரிந்தது. குடும்பம் கேட்டதையெல்லாம் அந்த மனிதர் கொடுத்தார். தலைமுடியைக் கொடுத்தார், பிள்ளைப் பருவத்தைக் கொடுத்தார், கவசம் போடச் சொன்னால் போட்டுக்கொண்டு படத்துக்கு நின்றார். ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. பீடத்துக்கு முன் விழுந்து, என் சொந்த மனதோடு வந்தேன் என்று சொல்ல வேண்டிய அந்த வாக்கை, மனதில் இல்லாதபோது வாயால் சொல்லவில்லை. ஊர் சிரித்தாலும் சரி, பெற்ற தாய் கோபித்து எழுதினாலும் சரி, சொல்லவில்லை. அவர் வாழ்க்கை முழுக்க மற்றவர்கள் தைத்துக் கொடுத்த சட்டை, அதில் அவர் தன் கையால் போட்ட ஒரே பொத்தான் அதுதான் என்று எனக்குப் பட்டது.

பிறகு நடந்ததைக் கேள். குதிரைப்படைக்குப் போன அண்ணன் போரில் செத்தார். நிலம் வாங்கிய மூத்த அண்ணன் பிள்ளையில்லாமல் செத்தார். குடும்பத்தில் வாரிசு இல்லை. ஒரு சித்தப்பாவை வண்டி கட்டி அனுப்பினார்கள்: நாற்காலியை விட்டுவிடு, நீ குருவானவர் இல்லை, ரோமாபுரி லேசாக விட்டுவிடும், வந்து கல்யாணம் செய்துகொள். பெண்ணும் பார்த்து வைத்திருந்தார்கள். எட்டு வயதில் சொத்துக்காக உள்ளே தள்ளிய அதே கை, தலை நரைக்கிற வயதில் சொத்துக்காக வெளியே இழுத்தது. வாசல் திறந்திருந்தது, திறந்து வைத்திருந்தவரும் அவரே. அவர் போகவில்லை. ஒரு கூடை ஆரஞ்சைக் கொடுத்துச் சித்தப்பாவை வழியனுப்பிவிட்டார். அந்தக் குளிர்காலத்தில் பக்கவாட்டுச் சின்னக் கோயில் ஒன்றில், சொந்தக்காரர் ஒருவரையும் அழைக்காமல், அந்தக் குடியானவர் வீட்டு ஆயரின் கையால் குருப்பட்டம் வாங்கினார். முதல் பூசையில் படிக்கிற வரியைத் தவறவிட்டாராம். உதவி ஆயர் விரலை வைத்து வரியைக் காட்டினாராம்.

இதைச் சொல்வது நீயும் குருவானவராக வேண்டும் என்பதற்காக இல்லை. அவர் அந்த வண்டியில் ஏறிப் போயிருந்தாலும் இந்தக் கதையை உனக்கு இப்படியே சொல்லியிருப்பேன். இருந்தாலும் போனாலும் அது அவருடையதாக இருந்தது, எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பபேடானிலிருந்து நாம் இரண்டு பேரும் பஸ்ஸில் வந்தோம். நிற்க இடமில்லாத கூட்டத்தில் உன் காதோரம் கேட்டேன், உனக்கு நிஜமாகப் போக விருப்பமா என்று. நீ பாதி பர்மியத்திலும் பாதி தமிழிலுமாக, "அம்மாதான் அப்பவே மாதாகிட்ட ஒப்புக்கிட்டாங்களே ப்பா. இனிமே எப்படி மாத்துறது," என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வாசலில் இறங்கும்போது சிரிப்பு போய்விட்டது. தம்பி, நீ கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது அம்மா மாதா கெபியில் முட்டி போட்டுச் சொன்னது 'ஒப்புக்கொடுக்கிறேன்' என்று. ஒப்புக்கொண்டேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டும் உன் காதில் ஒன்றாக விழுந்திருக்கிறது, தாத்தா இருந்தால் உன்னைப் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பார். ஒப்புக்கொடுப்பது என்றால் பாதத்தில் வைத்துப் பார்த்துக்கொள் என்று சொல்வது. உன் அம்மா ஒப்புக்கொடுக்காத பொருள் நம் வீட்டில் இல்லை. என் கண் ஆபரேஷனை ஒப்புக்கொடுத்தாள், மாமாவின் லாரியை ஒப்புக்கொடுத்தாள், வாரத்தில் பாதி நாள் ஓடாத ஃபிரிட்ஜை ஒப்புக்கொடுத்திருக்கிறாள். அதற்காக மாதா வந்து ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒப்புக்கொள்வது வேறு. அதை ஒருவனுக்காக இன்னொருவர் செய்ய முடியாது, தாயாலும் முடியாது. அந்தப் பழைய ஆண்டகையை எட்டு வயதில் ஒப்புக்கொடுத்தார்கள். அவர் ஒப்புக்கொள்ளத் தலை நரைத்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த காலத்தில் அவர் பொய் சொல்லாமல் இருந்தார்.

உன் சிநேகிதன் மின் தூவுக்கு ஷின்ப்யூ நடந்தது உனக்கு மறந்திருக்காது. உனக்கும் குதிரை வேண்டும் என்று நீ புரண்டு அழுததில் அவன் அம்மா மிச்சமிருந்த ஒரு கிரீடத்தை உன் தலையில் வைத்துவிட்டார். மறுநாள் மொட்டை போடக் கத்தியை எடுத்ததும் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தாய். ஒரு வாரம் கழித்து அவன் மடத்திலிருந்து திரும்பி வந்து, முள்முள்ளான தலையோடு உன்னோடு கோலி விளையாடினான். ஏன் வந்தாய் என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. இந்த நாட்டில் மடத்துக்குப் போவதும் வருவதும் கௌரவம்தான். நம் சனத்துக்கு அந்த வழக்கம் இல்லை. குருமடத்திலிருந்து திரும்பி வந்த பையனை நாம் பார்க்கிற பார்வை நல்ல பார்வை இல்லை. உன்னை யாராவது அப்படிப் பார்த்தால் அவர்களுக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன், வெள்ளைக்காரனுக்கே கதை சொன்ன வாய் இது.

நான் உன்னைத் தடுக்கவில்லை. தடுக்க எனக்குத் தைரியமும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி, அதை மறைக்க மாட்டேன். நம் தெருவில் ஒருவன் எல்லை தாண்டிப் போனான், வாரம் ஒரு குரல் செய்தி வருகிறது. ஒருவனைப் பெயர் கூப்பிட்டார்கள், அவன் அம்மா இன்றைக்கும் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு, வீரனாக இரு என்று சொந்தப் பிள்ளைக்கு எழுத எனக்கு வராது. உயிரோடு இரு என்றுதான் எழுத வருகிறது. போ. ஆனால் போனதும் அதிபரைத் தனியாகப் பார்த்து, எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிடு. அவர் இந்த மண்ணிலேயே பிறந்த கரேன் இனத்துக்காரர், யாபாதேக்கு எத்தனை அர்த்தம் என்று உன்னைவிட அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் வைத்துக்கொண்டால் இரு. அவர்களுடைய போனையும் பம்பையும் பழுது பார், சோலார் தகட்டைத் துடை, சின்னப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடு, தின்கிற சோற்றுக்கு வேலை செய். செபத்துக்கு மணி அடித்தால் போய் உட்கார், மனம் வந்தால் செபி. அங்கி தைக்க அளவெடுத்தால், கொஞ்சம் பொறுங்கள் ஃபாதர் என்று சொல். என்றைக்காவது உனக்கே வேண்டும் என்று தோன்றினால் அன்றைக்கு ஆமாம் என்று சொல், அப்போது நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுவேன். தோன்றாவிட்டால் வீட்டுக்கு வா. அந்த வாக்கை எங்களுக்காக மட்டும் சொல்லிவிடாதே.

இதுவரை நேற்றும் முந்தாநாளும் எழுதியது. இதோடு முடித்துக் கையெழுத்துப் போட்டு உன் பையில் வைத்துவிடலாம் என்றிருந்தேன். இன்று காலை அம்மா பட்டாணியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், "ரெண்டு நாளா என்ன எழுதுறீங்க, எனக்கும் படிச்சுக் காட்டுங்க," என்றாள். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. முழுவதையும் படித்தேன். ஃபிரிட்ஜ் வந்த இடத்தில் சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. படித்து முடித்தபோது பட்டாணி பொறுக்கி முடிந்திருந்தது, ஆனாலும் கை தட்டில் அளைந்துகொண்டே இருந்தது. கோபமா என்று கேட்டேன்.

"எதுக்குக் கோவம். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க," என்றாள். "ஆனா அவன் சொல்ல மாட்டான். அதிபர் மொகத்தப் பாப்பான், யாபாதேன்னுட்டு உள்ள போயிருவான். ஒங்க புள்ளய ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். இத்தனை பக்கம் எழுதியும் அந்த ஓட்டையை நான் அடைக்கவில்லை. "பின்ன என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"நானும் கூட வர்றேன். பயம் என்னோடது, அத அவன் எதுக்குச் சொமந்துக்கிட்டுப் போயி அங்க பேசணும். நானே சொல்லிர்றேன்: ஃபாதர், இவன் சாமியாராவுறதுக்கு வரல. இவன எங்க ஒளிச்சு வெக்கிறதுன்னு தெரியாம நாந்தான் கூட்டியாந்தேன். தெரிஞ்சே வெச்சுக்குவீங்கன்னா வெச்சுக்குங்க."

"அவர் முடியாதுன்னுட்டா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"முடியாதுன்னா எம்புள்ளயக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வர்றேன். அப்புறம் பயந்துக்குவோம், மூணு பேருமா," என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை நான் இவ்வளவு பெரியவளாகப் பார்த்ததில்லை. திங்கட்கிழமை பஸ்ஸுக்கு மூன்று இடம் சொல்லி வைத்துவிட்டேன். அம்மாவுக்குத் தலை சுற்றும், அவள் ஜன்னலோரம் இருக்கட்டும். நீ எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காரு.

உன் அப்பா